மீசை வைத்த மருத்துவச்சி

அந்த மருந்துக் கம்பெனி வாசலில் போய் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், "அப்படி யாரும் இங்க வேலை பார்க்கலையே" என்று வாட்ச்மேன் திருப்பி அனுப்பிவிடுவார். அவர்மேல் கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியாது. "மருத்துவச்சி இருக்காரா?" என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் உள்ளேயிருந்து, நிலைவாசலுக்குத் தலை குனிய வேண்டிய உயரத்தில், நல்ல கனத்த மீசையோடு ஓர் ஆண்பிள்ளை வருவார். வேலை நேரத்தில் அந்த மீசையைத் துணி உறைக்குள் மூடி வைக்க வேண்டும் என்பது சட்டம். மாத்திரையில் முடி விழுந்தால் யார் பதில் சொல்வது? மூடினாலும் அது அடங்கியிருக்காது, உறையின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பெயர் வந்த விதத்தைச் சொல்வதற்கு முன்னால் அவர் பார்க்கும் வேலையைச் சொல்லிவிட வேண்டும். மாத்திரை அடிக்கும் இயந்திரத்தில் ஒரு கனத்த எஃகு மேசை சுழன்றுகொண்டே இருக்கும். அதைச் சுற்றிலும் குழிகள். குழிக்கு ஒன்றாக, நடுவில் துளை போட்ட எஃகு வளையங்கள் உட்கார்ந்திருக்கும்; அவற்றை டை என்பார்கள். துளைக்குக் கீழே ஒரு கம்பி, மேலே ஒரு கம்பி, அவை பஞ்ச். துளையில் மாவு விழும், இரண்டு பஞ்சும் நடுவில் வைத்து நசுக்கும், மாத்திரை ஆகிவிடும். இதுவரைக்கும் யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். சங்கதி அதற்கப்புறம்தான் இருக்கிறது. நசுங்கின மாத்திரை டையின் சுவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உள்ளேயே கிடக்கும். கீழ் பஞ்ச் அதை மெல்ல மேலே தள்ள வேண்டும். மேசை மட்டத்துக்கு வந்ததும் ஓரத்தில் நிற்கும் தகடு அதை ஒதுக்கிச் சரிவில் விட வேண்டும். பஞ்ச் ஒரு மயிரிழை குறைவாக எழுந்தால் தகடு மாத்திரையின் இடுப்பில் இடித்து விளிம்பு உடையும். ஒரு மயிரிழை கூடுதலாக எழுந்தால் பஞ்சின் முனையே தகட்டில் மோதி நாசமாகும். சுவர் வழவழப்பாக இல்லையென்றாலோ மாத்திரை கிரீச்சென்று கத்திக்கொண்டுதான் வெளியே வரும். சிலது தொப்பி கழன்ற மாதிரி மேல்பாகம் தனியாகப் பிளந்துகொள்ளும்.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படித்தான் ஒரு மாத்திரை உடைந்துகொண்டே இருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, இயந்திரக்காரர்கள் மாவைக் குறை சொன்னார்கள், மாவு கலப்பவர்கள் இயந்திரத்தைக் குறை சொன்னார்கள். எல்லாரும் கூடிப் பேசிய கூட்டத்தில் கடைசி நாற்காலியில் இருந்த இவர் எழுந்து, "உண்டாகறதுல கோளாறு இல்லைங்க. பிரசவத்துலதான் கோளாறு" என்றார். கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. அவர் சொன்னது சரியா தப்பா என்று பார்ப்பதற்கு முன்பே பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. (சரிதான். கீழ் பஞ்சை ஏற்றிவிடும் தள்ளும் தடம் தேய்ந்து போயிருந்தது.)

பெயரோடு ஒரு பாஷையும் வந்து சேர்ந்தது. இயந்திரம் கிரீச்சிட்டால் "வலி வந்துடுச்சு." சிக்கின மாத்திரையைக் குச்சி விட்டு நெம்பி எடுத்தால் "ஆயுதக் கேஸ்." புதுப் பஞ்சும் டையும் மாட்டி முதல் மாத்திரை வந்தால் "தலைப்பிரசவம்." கீறல் இல்லாமல், சத்தமில்லாமல், விளிம்பு உடையாமல் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால் அவர் நிமிர்ந்து நின்று, "சுகப்பிரசவம்" என்று அறிவிப்பார். உடனே பக்கத்தில் நிற்பவர் "தாயும் சேயும் நலம்" என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்குத் திருப்தி இருக்காது. வாட்ச்மேன் முதல் உற்பத்திப் பிரிவின் தலைவியான மேடம் வரைக்கும் எல்லாரும் இந்தப் பாஷையில்தான் பேசினார்கள். புதிதாக வருகிறவர்கள் சில நாள் முழிப்பார்கள். அப்புறம் அவர்களும் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

கல்யாணமும் இந்த வேலையில்தான் முளைத்தது. மாத்திரைகளைப் பொறுக்கிச் சோதிக்கும் மேசையில் ஒருத்தி இருந்தாள். அவளுக்குப் பருந்து என்று பெயர். பால் வெள்ளை மாத்திரைகள் பட்டையில் ஓடி வரும்போது, அதில் கடுகளவு விளிம்பு போனதைக்கூடப் பேசிக்கொண்டே எடுத்து ஒதுக்கிவிடுவாள். நம் ஆள் அடித்து அனுப்பியதிலிருந்து அவள் ஒரு கை நிறையத் திருப்பி அனுப்பினாள். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"என் மாத்திரையைத் திருப்பி அனுப்பினது யாரு?"

"நான்தான். என்ன இப்ப?"

"என்ன குறை கண்டீங்க?"

அவள் ஒன்றை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள். "பக்கவாட்டுல கோடு இழுத்திருக்கு பாருங்க. உங்க டை ஒண்ணு உள்ளுக்குள்ள தேஞ்சிருக்கு. போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தார். தேய்ந்திருந்தது. மாற்றினார். அடுத்த தடவை இரண்டு மூன்றுதான் திரும்பி வந்தன. அதற்கும் போய்ச் சண்டை போட்டார். பிறகு குறையே இல்லாத நாளிலும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அந்த மேசைப் பக்கம் போக ஆரம்பித்தார். ஒருநாள் அவள், "இன்னிக்கு ஒண்ணுகூட ஒதுக்கல. அப்புறம் எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டாள். அவர் ஒரு நல்ல மாத்திரையை எடுத்து விளக்குக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதற்கு வந்தார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

பெண்ணின் அம்மா அவ்வளவு சுலபத்தில் சம்மதிக்கவில்லை. மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்று விசாரிக்கக் கம்பெனி வாசலுக்கே போனாள். வாட்ச்மேனிடம் பேச்சுக் கொடுத்து, ஆளின் உயரத்தையும் மீசையையும் அடையாளம் சொன்னாள். வாட்ச்மேன் முகம் மலர்ந்து, "ஓ, நம்ம மருத்துவச்சியா? தங்கமான மனுஷன்மா. கை பட்டா போதும், ஒரு வலி இருக்காது" என்றார். அந்த அம்மா வந்த வழியே திரும்பிப் போய் மகளிடம், "உலகத்துல வேற ஆம்பளையே கிடைக்கலையாடி உனக்கு?" என்று கேட்டாள். விஷயத்தை விளக்கிச் சமாதானம் செய்வதற்குள் மகளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கல்யாணம் நடந்தது. ஆனால் என் வாயால் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று மாமியார் தீர்மானம் செய்துகொண்டாள். 'மாப்பிள்ளை' என்பாள், தேவைப்பட்டால் முழுப் பெயரையும் சொல்லுவாள். அந்தப் பெயரை மட்டும் சொல்லவே மாட்டாள்.

இத்தனை பெரிய மருத்துவச்சிக்கு ரத்தம் என்றால் பயம் என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. விரலில் எஃகு கீறினால், கட்டுப் போட்டு முடியும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

முதல் தடவை மனைவி உண்டானபோது அது தங்கவில்லை. அவர் அப்போது இன்னொரு ஊரில் புது இயந்திரம் ஒன்றை நிறுவப் போயிருந்தார். செய்தி தெரிந்து ஓடி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்து, அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவரை அதிகமாக அறுத்தது. நெடுநாள் கழித்து மறுபடி உண்டானபோது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இந்தத் தடவை நீங்க பக்கத்துல இருக்கணும். வெளிய நடந்துக்கிட்டு இல்ல, உள்ள. என் கையைப் புடிச்சுக்கிட்டு."

"எனக்கு ரத்தம்..."

"என் முகத்தை மட்டும் பாருங்க."

சரி என்று சொன்னார். சொன்ன நாளிலிருந்து உள்ளூர நடுங்கிக்கொண்டிருந்தார். ஆனாலும் இந்த வாக்கு தவறினால் அப்புறம் அவள் முகத்தில் விழிக்க முடியாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. குழந்தைகளுக்கான ஒரு சின்ன மாத்திரைக்குப் புதுப் பஞ்சும் டையும் வந்திறங்கியிருந்தன. வாயில் போட்டதும் கரைகிற மாத்திரை என்பதால் அதை இறுக்கி அடிக்கவும் முடியாது. தொட்டால் உடையும் சாதி. இதை மாட்டி ஓட்டிக் கொடுத்துவிட்டு லீவு போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். அன்றைக்குக் காலையில் மனைவி வழக்கமான சோதனைக்காக அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். இவர் கம்பெனிக்குக் கிளம்பினார். செல்போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. லாக்கரில் வைத்துவிட்டு, வெள்ளை அங்கி, தலைக்குத் தொப்பி, மீசைக்கு உறை, காலுக்கு உறை எல்லாம் மாட்டிக்கொண்டு சோதனை அறைக்குள் போனார்.

அவர் டை மாட்டுவதைப் பார்க்க வேண்டும். குழியை முதலில் துணியால் துடைப்பார், பிறகு விரலால் துடைப்பார், பிறகு ஊதாமல் குனிந்து பார்ப்பார். ஊதினால் எச்சில் ஈரம் படும். இந்தப் புது டைகளுக்கு ஒரு பக்கம் வாய் கொஞ்சம் அகலம். அகலமான வாய் மேலே இருந்தால் மாத்திரை ஏற ஏற இறுக்கம் தளர்ந்து நிம்மதியாக வெளியே வரும். தலைகீழாக மாட்டினால் ஒவ்வொன்றும் ஆயுதக் கேஸ்தான். ஒவ்வொன்றாக வாயைத் தடவிப் பார்த்து உட்கார வைத்து, மேலேயிருந்து கம்பியால் தட்டி இறக்கி, திருகை முடுக்கினார். கீழ் பஞ்ச் ஒவ்வொன்றையும் துளைக்குள் விட்டு மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். தன் எடைக்குத் தானே இறங்க வேண்டும், தடுக்கக் கூடாது. தகட்டுக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு காகிதக் கீற்றைச் செருகி இடைவெளி பார்த்தார். பிறகு மோட்டாரைத் தொடாமல் கைச்சக்கரத்தைப் பிடித்து மேசையை முழுச் சுற்றும் சுற்றினார். "கையால சுத்தாம மோட்டார் போடறவன் கண்ணை மூடிக்கிட்டு ரோட்டைத் தாண்டுறவன்" என்பது அவர் வாக்கு.

மேடமும் வந்து பக்கத்தில் நிற்க, மருந்து சேர்க்காத வெறும் மாவைப் போட்டு மெல்ல ஓட்டினார்கள். மாத்திரைகள் வந்தன. எல்லாம் அழகாகத்தான் இருந்தன. நடுநடுவே ஒன்று மட்டும் விளிம்பு போய் வந்தது. அதே நேரம் 'டிக்' என்று ஒரு சத்தம்.

மேடம் சரிவுக்குப் பக்கத்தில் குனிந்து காது கொடுத்தாள். "சுத்துக்கு ஒரு தடவைதான் கேக்குது. எல்லா டையிலயும் இல்ல. ஏதோ ஒண்ணுதான்."

நிறுத்தினார். கைச்சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே மேசைமேல் நகத்தை ஓட்டினார். ஓரிடத்தில் நகம் தட்டியது. ஒரு டை மற்றதைவிடத் துளி உயரமாக நின்றது. கழற்றிப் பார்த்தால் அடியில் ஒரு பழைய மாவுத் துணுக்கு, எள்ளில் பாதி இருக்கும். துடைத்தவர் அவரேதான், அதில் விட்டவரும் அவரேதான்.

"யானைக்கும் அடி சறுக்கும்" என்றாள் மேடம்.

"யானை மனசு காலையிலேர்ந்து ஆஸ்பத்திரியில இருக்கு மேடம். அதான் சறுக்கிடுச்சு."

துடைத்து, உட்கார வைத்து, தட்டி, முடுக்கி, மறுபடி ஒரு சுற்றுக் கையால் சுற்றி, ஓட்டினார். சத்தமே இல்லை. பொடிப் பொடியாக, பிள்ளைகளின் பால்பல் மாதிரி மாத்திரைகள் சரிவில் வழுக்கி இறங்கின. ஒன்றில்கூட விளிம்பு போகவில்லை.

"சுகப்பிரசவம்" என்றார்.

"தாயும் சேயும் நலம்" என்றாள் மேடம், சம்பிரதாயம் தவறாமல். சொல்லிவிட்டுக் கணக்கு எழுதத் தன் அறைக்குப் போனாள்.

இதே நேரத்தில் ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்றால், சோதனைக்குப் போன இடத்தில் வலி கண்டுவிட்டது. அவளை இரண்டாம் பிரசவ அறைக்கு மாற்றினார்கள். மாமியார் மருமகனுடைய செல்போனுக்கு அடித்தாள். அது லாக்கருக்குள் தனியாக அலறிக்கொண்டிருந்தது. கம்பெனி வாசலுக்கு அடித்தாள். வாட்ச்மேன் எடுத்தார். அவள் மாப்பிள்ளையின் முழுப் பெயரைச் சொன்னாள்.

"அப்படி யாரும் இங்க வேலை பார்க்கலையேம்மா."

"இருக்காருப்பா. நல்ல உசரமா, மீசை வெச்சிருப்பாரு."

"உசரமும் மீசையும் இப்ப இங்க நாலு பேருக்கு இருக்கும்மா. வேற பேர் ஏதாச்சும்?"

மாமியார் கண்ணை மூடிக்கொண்டாள். பெற்ற மகளின் அலறல் கதவுக்குப் பின்னால் கேட்கிறது. இத்தனை காலமாகக் கட்டிக் காத்த வைராக்கியம் ஒரு நொடியில் போயிற்று. "அந்த... மருத்துவச்சிப்பா. மருத்துவச்சியை உடனே வரச் சொல்லு. வலி வந்துடுச்சு. ரெண்டாம் ரூம்ல இருக்கு." சொல்லிவிட்டுப் போனை வைத்து மகளிடம் ஓடினாள்.

வாட்ச்மேனைக் குறை சொல்ல முடியாது. கம்பெனியில் காலை முதல் மாலை வரை அவர் கேட்கிற பேச்சே இதுதான். யார் பேசியது, எங்கேயிருந்து என்று அவர் யோசிக்கவே இல்லை. சோதனை அறைக்கு உள்போனில், "மருத்துவச்சி, ரெண்டாம் ரூம்ல வலி வந்துடுச்சாம். உடனே வரச் சொல்றாங்க" என்றார்.

கம்பெனியிலும் இரண்டாம் அறை என்று ஒன்று உண்டு. அங்கே ஒரு பெரிய இயந்திரம் அன்று முழுக்கத் தேன்போல ஓடிக்கொண்டிருந்தது. நெட்டையன் என்ற இயந்திரக்காரர் பக்கத்தில் நின்று நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நம் ஆள் வேகமாக உள்ளே வந்து கையை உயர்த்தினார்.

"நிறுத்து. வலின்னு சொன்னாங்களே?"

"யாருக்கு அண்ணே? நல்லாத்தானே ஓடுது."

அவர் இயந்திரத்தின்மேல் காதை வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. மாத்திரையை எடுத்துப் பார்த்தார். முத்து மாதிரி இருந்தது. வேறு யாராவது இருந்தால் சரி என்று திரும்பிப் போயிருப்பார்கள். ஆனால் இவருக்கு அனுபவம் கொஞ்சம் அதிகம்; அதுதான் வம்பாகப் போயிற்று.

"சத்தம் வர்ற வலிக்கு பயப்படக் கூடாது. இது ஊமை வலி. உள்ளுக்குள்ள ஏதோ இருக்கு. கழட்டு."

"அண்ணே..."

"கழட்டுன்னா கழட்டு."

மாவு ஊட்டும் பெட்டியைக் கழற்றினார்கள். தகட்டைக் கழற்றினார்கள். கீழ் பஞ்சுகளை ஒவ்வொன்றாக உருவி, வெளிச்சத்தில் பிடித்து, முனையைத் தடவிப் பார்த்தார். எல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தன. தள்ளும் தடத்துக்குள் கையை விட்டுத் தடவினார். எண்ணெய்ப்பசை தவிர ஒன்றுமில்லை. குறை தட்டுப்படாமல் போகப் போக அவருக்குப் பிடிவாதம் ஏறியது. நெட்டையன் ஒரு தட்டில் பஞ்சுகளை வரிசையாக அடுக்கிவைத்துக்கொண்டே, நல்ல பிள்ளையை வைத்தியம் பார்த்து நோயாளி ஆக்குவது என்பது இதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

இயந்திரம் நின்ற அமைதி கேட்டு மேடம் வந்தாள். பாகம் பாகமாகக் கிடந்ததைப் பார்த்துத் திகைத்துப்போனாள்.

"என்ன ஆச்சு?"

"வலின்னு தகவல் வந்துச்சு மேடம்."

"யார் சொன்னது? நான் சொல்லல. நெட்டையன் சொன்னாரா?"

"நான் ஏன் சொல்லப் போறேன்?" என்றார் நெட்டையன்.

மேடம் உள்போனை எடுத்து வாசலுக்குப் போட்டாள். "ரெண்டாம் ரூம்ல வலின்னு உங்ககிட்ட யார் சொன்னாங்க?"

"வெளியிலேர்ந்து போன் வந்துச்சு மேடம். ஒரு அம்மா பேசினாங்க. பதட்டமாத்தான் பேசினாங்க."

மேடம் மெதுவாகத் திரும்பினாள். "அம்மான்னா யாரு? எந்த ரெண்டாம் ரூம்?"

அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் கையிலிருந்த பஞ்சை மேசைமேல் வைத்தார். வைத்தது அவருக்கு ஞாபகமில்லை. பஞ்சை ஒருபோதும் எஃகின்மேல் நேரடியாக வைக்காத மனிதர். "ஐயோ" என்ற ஒரு சொல்தான் வந்தது. மறுபடியும் அவள் தனியாக, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பது கண்ணுக்கு முன்னால் வந்தது. இந்தத் தடவை வேறு ஊரில்கூட இல்லை. இதே ஊரில் இருந்துகொண்டு, நோயே இல்லாத ஓர் இரும்புக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"மெஷின்..." என்று தடுமாறினார்.

"நாங்க மாட்டிக்கறோம். நெட்டையன் இருக்காரு, நான் இருக்கேன். போங்க" என்றாள் மேடம். "உடுப்பெல்லாம் மாத்த வேண்டாம். அப்படியே ஓடுங்க."

வாசலில் அட்டைப்பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த கம்பெனி வேனில் தாவி ஏறினார். ஓட்டுநர் விஷயம் கேட்டதும் பாதிப் பெட்டிகளை அங்கேயே விட்டுவிட்டு வண்டியை எடுத்தார். ஒவ்வொரு சிக்னலிலும் சிவப்பு. மருத்துவச்சிக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு காரியத்தை மெல்லச் செய்யப் பொறுமை இல்லாமல் போயிற்று.

ஆஸ்பத்திரியில் அவரை யாரும் தடுக்கவில்லை. வெள்ளை அங்கி, தொப்பி, காலுக்கு உறை, மீசைக்கு மேல் உறை. வாசல் காவலாளி வணக்கமே வைத்தார். படிகளில் எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். நேரே இரண்டாம் அறை வாசல்வரை போய்விட்டார். அங்கேதான் ஒரு நர்ஸ் குறுக்கே கை வைத்தாள்.

"யார் நீங்க?"

மூச்சு வாங்கியது. தன் பெயர் அவருக்கே மறந்துபோயிற்று. வாயில் வந்ததைச் சொன்னார்.

"மருத்துவச்சி."

நர்ஸ் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். உறையின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மீசையையும் பார்த்தாள். அவள் வேலைக்கு வந்த நாள் முதல் இப்படி ஒரு மருத்துவச்சியைக் கண்டதில்லை. "என்ன விளையாடறீங்களா?" என்று ஆரம்பிப்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. வலியில் பாதி, சிரிப்பில் பாதி.

"அவரை உள்ள விடுங்க சிஸ்டர். அவர் என் மருத்துவச்சிதான்."

இன்னும் பிறக்கவில்லை. அவர் அப்படியே உள்ளே பாயப் பார்த்தார். நர்ஸ் விடவில்லை. மாவு படிந்த அங்கியைக் கழற்ற வைத்து, முழங்கை வரை கழுவ வைத்து, ஆஸ்பத்திரி அங்கியை மாட்டிவிட்டுத்தான் உள்ளே அனுப்பினாள். மீசைக்கு உறை மட்டும் அங்கே இல்லாததால், அவருடையதே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சொன்னபடி அவள் முகத்தை மட்டும் பார்த்தார். வேர்த்து, சிவந்து, முடி நெற்றியில் ஒட்டிக்கிடந்த அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ரத்தம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்கு நினைவில்லை.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்றாள்.

"ரெண்டாம் ரூமுக்குத்தான் வந்தேன். தப்பான ரெண்டாம் ரூமுக்கு. நல்லா இருந்த மெஷினைப் பிரிச்சுப் போட்டுட்டு வந்திருக்கேன்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கும்போதே அடுத்த வலி வந்தது. அவர் கையை அவள் நெரித்த நெரிப்பில், பஞ்ச் நசுக்குவதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அவருக்குத் தோன்றியது. என்ன சொல்வதென்று தெரியாமல், தெரிந்ததைச் சொன்னார்.

"பதறாத. மெல்ல, மெல்ல. மட்டத்துக்கு வரட்டும். தானா வரும்."

"நான் என்ன டையா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

டாக்டர் அம்மாள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அவர் சொல்றது சரிதான்மா. பதறாம தள்ளு" என்றாள்.

பிறகு ஒரு கிரீச்சென்ற சத்தம் கேட்டது. ஆயுள் முழுக்க எந்தச் சத்தத்தைக் கேட்டால் ஓடிப்போய் நிறுத்தச் சொல்லுவாரோ அதே மாதிரிச் சத்தம். அது நிற்கவே கூடாது என்று அவர் வேண்டிக்கொண்டார். கண்ணீர் வழிந்து மீசை உறைக்குள் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. ஒரு கை அவளிடம் இருந்தது, இன்னொரு கையையும் அவள் எப்போதோ பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு" என்றாள் நர்ஸ். "சுகப்பிரசவம்."

துணியில் சுற்றிக் குழந்தையை அவள் மார்பில் வைத்தார்கள். அவள் உடனே முத்தமிடவில்லை. துணியை விலக்கினாள். விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். காதை மடக்கிப் பார்த்தாள். குதிகாலைப் பார்த்தாள், முதுகைத் தடவினாள். சோதனை மேசையில் விளக்குக்குக் கீழே உட்கார்ந்திருந்த அதே பருந்துதான். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

"எங்கயும் விளிம்பு உடையல" என்றாள். "பாஸ்." அப்புறம்தான் குழந்தையின் நெற்றியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அழுதாள். இருந்த பிள்ளைக்கும், இல்லாமல் போன பிள்ளைக்கும். அவரும் கூடவே அழுதார். அன்றைக்கு அந்தக் கட்டிலில் அவள் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை, அவர் பக்கம் திரும்பியிருந்தாள்.

வெளியே மாமியார் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்தாள். அவர் வாயில் பழகின வார்த்தைதான் வந்தது.

"சுகப்பிரசவம், அத்தை."

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மகளிடம் இத்தனை காலம் கேட்டுக் கேட்டு, அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. "தாயும் சேயும்?" என்றாள்.

"நலம்."

மகளைப் பார்க்க உள்ளே போகத் திரும்பியவள், நின்று, "உங்க கம்பெனியில எல்லாரும் கவலையா இருப்பாங்க மாப்பிள்ளை" என்றாள். தன் போனை எடுத்து வாசல் எண்ணுக்கு அடித்தாள். வாட்ச்மேன் எடுத்தார். ஒரு தடவை சூடுபட்ட மனிதர், இப்போது ரொம்ப ஜாக்கிரதை.

"சுகப்பிரசவம்னு சொல்லுங்கப்பா" என்றாள் அவள்.

"ரொம்ப சந்தோஷம்மா. மெஷினுக்கா, மனுஷங்களுக்கா? தெளிவா சொல்லிடுங்க. உள்ள மேடமும் நெட்டையனும் இப்பத்தான் எல்லாத்தையும் மாட்டி முடிச்சிருக்காங்க."

"மனுஷங்களுக்குத்தான். பொண்ணு பொறந்திருக்கு."

"யார் பேசறதுன்னு கேட்டா என்ன சொல்லட்டும்மா?"

மாமியார் மருமகனைப் பார்த்தாள். அவர் உறையைக்கூடக் கழற்றாமல், அதன் பக்கங்களில் ஈர மீசை எட்டிப் பார்க்க, சிறுபிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தார். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நடைவழியில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"மருத்துவச்சியோட மாமியார் பேசினேன்னு சொல்லு."